லூபஸ் என்று தெரிந்த பிறகு: சிங்கப்பூரில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் பார்ப்பது

லூபஸ் என்பது நம் நோய் எதிர்ப்பு அமைப்பே நம் உடலைத் தாக்கும் நோய். அது என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது சாப்பாட்டுப் பட்டியலை. கத்தரிக்காய் ஆகுமா, தக்காளி ஆகுமா என்ற கேள்விகள். அதற்கு அவசரமே இல்லை. மூட்டு வலியும் அசதியும் ஆளை வாட்டினாலும் பெரிய ஆபத்து அங்கே இல்லை. சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலியே இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை, உடம்பு தானாகச் சொல்லாத விஷயங்களை முன்னால் வைக்கிறது.

நான் பல ஆண்டுகளாக இந்த நோயோடு இருப்பவள். புதிதாக நோய் தெரிந்தவர்களோடு மருத்துவமனைக்குத் துணையாகவும் போய்வருகிறேன். எல்லாரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் எதைக் கேட்பது, எதை எடுத்துப் போவது என்பதற்குத்தான் இது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளம் வழியாகத் திறந்து மருத்துவ முடிவுகளைப் பார்க்கும் ஹெல்த்ஹப் செயலி, ஒரு தெர்மாமீட்டர், வீட்டில் வைத்துப் பார்க்கும் ரத்த அழுத்தக் கருவி, ஒரு மெல்லிய கோப்பு. இவை போதும். விலை உயர்ந்த சத்து மாத்திரைகள் எதுவும் இப்போது வாங்க வேண்டாம்.

1. சரியான வாசல் வழியாக உள்ளே போங்கள்

முடி கொட்டுகிறது என்று தோல் மருத்துவர், மூட்டு வலி என்று எலும்பு மருத்துவர், வாய்ப்புண் என்று பல் மருத்துவர் என அலைந்துவிட்டுத்தான் பலர் லூபஸுக்கு வந்து சேர்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவர் ரூமட்டாலஜி மருத்துவர், அதாவது வாதநோய்களையும் லூபஸ் போன்ற நோய்களையும் பார்ப்பவர். டான் டோக் செங், சிங்கப்பூர் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் இதற்கென்றே பிரிவுகள் உண்டு.

பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதே நல்லது. அப்படிப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். அவசரத்தில் தனியார் நோயாளியாகச் சேர்ந்துவிட்டு, இரண்டு மூன்று பில் வந்த பிறகு மானிய வகுப்புக்கு மாறப் பார்ப்பவர்கள் நிறைய. மாற வழி இருக்கிறது. ஆனால் வருமான மதிப்பீடு, காத்திருப்பு என்று நாள் போகும். இது வாழ்நாள் முழுவதும் வரும் செலவு என்பதை மனத்தில் வைத்து, எந்த வாசல் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

நம் தோலைப் பற்றி ஒரு விஷயம். லூபஸ் என்றால் கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பு என்று படங்களில் காட்டுவார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அது சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவோ ஊதா கலந்தோ தெரியலாம். மங்கு என்று நினைத்து கிரீம் தடவிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். தடிப்பு வரும் நாளிலேயே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். சந்திப்பு நாளன்று அது மறைந்திருக்கும்!

2. ஒரே கோப்பு, நான்கு எண்கள்

ஹெல்த்ஹப்பில் எல்லாம் இருக்கிறதே, கோப்பு எதற்கு என்று கேட்பார்கள். இரவு பதினோரு மணிக்கு வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், காய்ச்சலோடு, தொலைபேசியில் சார்ஜ் இல்லாமல் நிற்கும்போது காகிதம்தான் கை கொடுக்கும். தனியார் கிளினிக்கிலும் ஊரிலும் எடுத்த முடிவுகள் செயலியில் வராமலும் போகலாம்.

ரத்த முடிவு வந்ததும் தடித்த எழுத்தில் உள்ளதையெல்லாம் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு முறையும் இந்த நான்கை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

முதலாவது, சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். லூபஸ் உள்ளவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. ஆசியர்களிடம் இது கூடுதல். தொடக்கத்தில் இதைக் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். கால் வீக்கமும் நுரை நுரையாகப் போகும் சிறுநீரும் பெரும்பாலும் பின்னால்தான் வரும். இந்த எண் ஏறினால், மருத்துவர் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு திசு எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். எந்த வகைப் பாதிப்பு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது, சி3, சி4 எனப்படும் காம்ப்ளிமென்ட் புரதங்கள், நோய் எதிர்ப்பு அமைப்பின் ஒரு பகுதி. நோய் கிளம்பும்போது உடல் இவற்றைச் செலவழித்துவிடுவதால் அளவு இறங்கும். மூன்றாவது, டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்புப் புரதம், நம் சொந்த டி.என்.ஏ.வையே குறிவைப்பது. பலருக்கு நோய் கிளம்பும்போது இது ஏறும். நான்காவது, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அதிலும் முக்கியமாகத் தட்டணுக்கள்.

நம் அணுக்கருவைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனை இந்தப் பட்டியலில் இல்லை. நோயைக் கண்டுபிடிக்கும்போது அது தேவை. அதன் பிறகு திரும்பத் திரும்ப எடுப்பதால் பயனில்லை, ஏனென்றால் நோயின் ஏற்ற இறக்கத்தை அது காட்டாது. நலமாக இருப்பவர்களிலும் பலருக்கு அது பாசிட்டிவ் என்று வரும். பயத்தில் தங்கை, மகள் எல்லாருக்கும் எடுத்துவிட்டுக் குடும்பமே தூங்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுக்க வேண்டாம்.

சிறுநீர் மாதிரி கொடுக்கும்போது ஒரு சின்ன விஷயம்: மாதவிடாய் நாளாக இருந்தால் தாதியிடம் முன்பே சொல்லுங்கள். ரத்தம் கலந்தால் முடிவு குழம்பும், தேவையில்லாத கலவரம்.

3. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்தாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இது பழைய மலேரியா மருந்து. லூபஸ் உள்ள ஏறக்குறைய எல்லாருக்கும், தடை ஏதும் இல்லாவிட்டால், இதைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஐரோப்பிய வாதநோய் அமைப்பின் 2023 பரிந்துரை. ஆனால் புதியவர்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான். காரணம் இரண்டு.

ஒன்று, உடனே எதுவும் தெரியாது. முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஸ்டீராய்டு இரண்டே நாளில் வலியைக் குறைத்துவிடுவதால், அது நல்ல மருந்து, இது வெறும் மாத்திரை என்று தோன்றிவிடுகிறது. நீண்ட காலத்துக்குப் பார்த்தால் கணக்கு நேர் எதிர். 1991இல் வெளிவந்த கனடிய ஆய்வில், நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது.

இரண்டு, கண் பயம். “அக்கா, இதைச் சாப்பிட்டா கண்ணு போயிடுமாமே?” என்று கேட்காதவர்கள் குறைவு. விழித்திரையில் பாதிப்பு வரலாம் என்பது உண்மை. ஆனால் அது அளவையும் ஆண்டுகளையும் பொறுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. என்ற வரம்புக்குள் இருந்தால், முதல் ஐந்து ஆண்டுகளில் ஆபத்து 1 விழுக்காட்டுக்கும் கீழே. பத்து ஆண்டுகள் வரை 2 விழுக்காட்டுக்கும் கீழே. இதை அமெரிக்கக் கண் மருத்துவ அமைப்பு 2016இல் சொன்னது. அதே வழிகாட்டுதல், முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை என்கிறது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து உடலில் தங்கும் என்பதால் முன்கூட்டியே தொடங்கச் சொல்வார்கள்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடைக்கு வரம்பு 300 மி.கி. மாத்திரையோ 200 மி.கி. ஆகவே ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மருத்துவர் எழுதுவார். இங்கேதான் குழப்பம். நேற்று ஒன்றா, இரண்டா? ஒற்றைப்படைத் தேதியில் ஒன்று, இரட்டைப்படைத் தேதியில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 31ஆம் தேதி வந்து மறுநாள் 1 வரும்போது மட்டும் ஒன்று குறையும், பரவாயில்லை. எடை நன்றாகக் குறைந்திருந்தால் அடுத்த சந்திப்பில் மறக்காமல் சொல்லுங்கள், வரம்பும் குறையும்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பின் போடுங்கள்.

4. ஸ்டீராய்டு: திடீரென நிறுத்தக் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சில வாரங்கள் உள்ளே போனதும், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. முகம் உப்பிவிட்டது, கல்யாண வீட்டில் எல்லாரும் கேட்கிறார்கள் என்று ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரை போகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், அதற்கான அட்டவணையை எழுதியே வாங்குங்கள்.

எவ்வளவுக்கு இறக்குவது? இப்போதைய இலக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. அல்லது அதற்கும் கீழே, முடிந்தால் முழுவதும் நிறுத்துவது. பல மாதமாக அதற்கு மேலேயே நின்றால், “இதைக் குறைக்க வேறு என்ன மருந்து சேர்க்கலாம், டாக்டர்?” என்று நீங்களே கேட்கலாம். அசாதியோபிரின், மைக்கோஃபினோலேட் போன்ற, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் அதற்குத்தான் இருக்கின்றன.

காலையில், சாப்பாட்டுக்குப் பின் போடுவது நல்லது. மாலையில் போட்டால் தூக்கம் கெடும். குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி தேவையா என்றும் கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது மருந்தைக் கைப்பையில் வையுங்கள், தங்கும் நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்துப் போங்கள். திருச்சி விமானம் தள்ளிப்போகலாம், பெட்டி வேறு ஊருக்குப் போகலாம். ஸ்டீராய்டு ஒரு நாளும் தவறக் கூடாது.

5. வெயில்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறது. நண்பகலை ஒட்டிப் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். தேசியச் சுற்றுப்புற வாரியம் இதைப் பகலில் மணிக்கு மணி வெளியிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டுத் தோலணுக்கள் சிதையும்போது அவற்றின் உள்ளே இருப்பவை வெளிப்பட்டு நோய் எதிர்ப்பு அமைப்பைச் சீண்டிவிடுகின்றன. வெயிலில் பட்டது தோல்தான் என்றாலும், கிளம்புவது மூட்டாகவோ சிறுநீரகமாகவோ இருக்கலாம்.

“நாம கறுப்புதானே, நமக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?” என்ற பேச்சை விட்டுவிடுங்கள். நம் நிறம் தரும் பாதுகாப்பு லூபஸுக்குப் போதாது. எஸ்.பி.எஃப். 50 உள்ளதாக, புற ஊதாவில் ஏ கதிர் (UVA), பி கதிர் (UVB) இரண்டையும் தடுப்பதாகப் பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்துப் பூச வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். வெள்ளை பூத்தது போலத் தெரிகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறம் கலந்த வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

ஏ கதிர் கண்ணாடியை ஊடுருவும். பேருந்தில் ஜன்னலோரம், அலுவலகத்தில் கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்தாலும் படும்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். நோய் அடங்கியிருந்து மருத்துவரும் சரி என்றால் எடுக்கலாம், ஆனால் பகலில் வேண்டாம். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து நள்ளிரவை ஒட்டியே பால்குடங்கள் புறப்படத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் கிளம்பினால் விடிவதற்கு முன்பே டேங்க் ரோடு கோயிலுக்குப் போய்ச் சேரலாம். விரதம் இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வெயிலைத் தவிர்த்தால் வைட்டமின் டி குறையும். அதற்கு வெயிலில் நிற்பது வழியல்ல. அளவைப் பார்த்து மாத்திரை கேளுங்கள்.

6. காய்ச்சல் வந்தால்

லூபஸ் கிளம்பினாலும் காய்ச்சல், கிருமி தொற்றினாலும் காய்ச்சல், டெங்கியிலும் காய்ச்சல். மூன்றிலும் உடம்பு வலிக்கும். லூபஸிலும் டெங்கியிலும் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையும். வீட்டில் உட்கார்ந்து எது என்று ஊகிக்க முடியாது. நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவராக இருந்து, காய்ச்சல் 38 டிகிரியை எட்டினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அப்போது அந்தக் கோப்பு வேலை செய்யும். உங்கள் தட்டணு எண்ணிக்கை எப்போதுமே கொஞ்சம் குறைவாக இருப்பது உங்களைத் தெரியாத மருத்துவருக்கு எப்படித் தெரியும்? பழைய எண்கள் இருந்தால்தான் இது புதிதாக இறங்கியதா, வழக்கமானதா என்று அவர் ஒப்பிட முடியும்.

டெங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். டெங்கியில் ரத்தப்போக்கைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் சுமை. பாராசிட்டமால் போதும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, திடீர்க் குழப்பம் என்றால் 995ஐ அழையுங்கள். ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தடுப்பூசி: சளிக்காய்ச்சல், நிமோகாக்கல் ஊசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போடலாம். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள், உதாரணத்துக்குத் தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு ஆகாது.

7. நாட்டு மருந்து

வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே இப்படிச் சொல்கிறேன்: எதைச் சாப்பிட்டாலும் பாக்கெட்டோடு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூட்டு வலிக்கு “மூலிகை” என்று விற்ற பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷத்தை விடச் சந்தேகம்தான் வர வேண்டும். பற்பம், செந்தூரம் வகைகளில் உலோகங்கள் இருக்கலாம். லூபஸ் தொட்ட சிறுநீரகம் அதைத் தாங்காது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று விளம்பரம் செய்பவையும் நமக்குப் பொருந்தாது. நம் சிக்கலே அது தேவைக்கு மேல் தூண்டப்பட்டிருப்பதுதான்.

மஞ்சள், மிளகு, இஞ்சி எல்லாம் சமையலில் இருக்கட்டும். கத்தரிக்காயும் சாப்பிடலாம்.

8. குழந்தை வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள்

லூபஸ் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். ஆனாலும் மாமியார் முன்னால் இதை எப்படிப் பேசுவது என்று தள்ளிப்போட்டு, கர்ப்பம் உறுதியான பிறகு வந்து நிற்பவர்கள் உண்டு.

நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருந்தால் கர்ப்பம் நல்லபடியாக அமையும் வாய்ப்பு கூடுகிறது. மைக்கோஃபினோலேட் கருவைப் பாதிக்கும், கருத்தரிப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் அசாதியோபிரினுக்கு மாற்றுவார்கள். மாற்றிய பின் நோய் அடங்கியே இருக்கிறதா என்று பார்க்கவும் காலம் வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்ப காலத்திலும் தொடர்வார்கள்.

ரோ, லா எதிர்ப்புப் புரதங்களையும் ஆன்டிபாஸ்போலிபிட் எதிர்ப்புப் புரதங்களையும் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். முன்னது குழந்தையின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம், ஏறக்குறைய நூற்றில் ஒன்று இரண்டு குழந்தைகளுக்கு. பின்னது ரத்தக்கட்டி, கருச்சிதைவு அபாயம் உள்ளது. அது இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொண்ட கருத்தடை மாத்திரையும் ஆகாது.

9. பணமும் வேலையும்

ஏற்கெனவே உள்ள ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டத்தை (அரசின் மெடிஷீல்டு லைஃப்போடு தனியார் காப்புறுதியும் சேர்ந்தது), நோய் தெரிந்த பிறகு ரத்து செய்யாதீர்கள். முகவர் “இதைவிட நல்லது” என்று புதிது காட்டினாலும் சரி. புதிதாகச் சேரும்போது தனியார் பகுதி லூபஸை விலக்கிவைக்கலாம். அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரிலிருந்து முன்பே இருந்த நோய்களுக்கும் சேர்த்தே எல்லாக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் காக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பெரிய மருத்துவமனைச் செலவுகளுக்குத்தான்.

மாத மருந்துச் செலவுக்கு மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். பில் தேங்கிய பின் போகாமல், விலை உயர்ந்த மருந்து எழுதப்படும் அன்றே போங்கள். மருந்து உதவி நிதி, வசதி குறைந்தவர்களுக்கான அரசு நிதியான மெடிஃபண்ட், இவற்றில் எது பொருந்தும் என்று அவர்தான் சொல்வார். நாள்பட்ட நோய்களுக்கு மெடிசேவ் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தை எடுக்க அனுமதிக்கும் பட்டியலில் சிறுநீரக அழற்சி இருக்கிறது. உங்களுக்கு அது உண்டென்றால் அதன்கீழ் எடுக்க முடியுமா என்று கட்டணப் பிரிவில் கேளுங்கள்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு: 2023 ஜூலையிலிருந்து முதலாளி எடுத்துவைக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அது மருத்துவமனையில் தங்குவதற்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். பரிசோதனை நாள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துவைத்தால் இந்த 14 நாளை நோய் கிளம்பும் நாளுக்குச் சேமிக்கலாம்.

10. ஆராய்ச்சியில் சேர அழைத்தால்

சந்திப்பு முடிந்ததும் ஒருவர் வந்து, “ஆய்வுக்குக் கொஞ்சம் ரத்தம் தர முடியுமா?” என்று கேட்கலாம். பயந்து ஓடவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். முதலில் இது எந்த வகை என்று கேளுங்கள்.

உங்கள் தகவலையும் ரத்தத்தையும் மட்டும் சேர்க்கும் பதிவேட்டு ஆய்வு என்றால் சிகிச்சை மாறாது. சிங்கப்பூர் உட்படப் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்த ஆசிய பசிபிக் லூபஸ் கூட்டமைப்பு இப்படித்தான் தகவல் சேர்த்தது. ‘நோய் தாழ்நிலை’ என்ற இலக்கை அவர்கள் வரையறுத்து 2016இல் வெளியிட்டார்கள். பிரெட்னிசோலோன் 7.5 மி.கி.க்கு மேல் போகாமல் (மேலே சொன்ன 5 மி.கி. அதற்குப் பின் வந்த இலக்கு), முக்கிய உறுப்புகளில் நோய் இல்லாமல் இருப்பது அதன் சாரம். இன்று நம் மருத்துவர்கள் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிக்கும்போது பார்ப்பது இது போன்ற இலக்குகளைத்தான்.

மருந்து ஆய்வு வேறு விஷயம். யாருக்குப் புது மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்து என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிப்பார்கள். வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் தொடரும். லூபஸ் மருந்துகளான பெலிமுமாப் 2011இலும் அனிஃப்ரோலுமாப் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இத்தகைய ஆய்வுகளைத் தாண்டித்தான். இங்கே மருந்து ஆய்வுக்குச் சுகாதார அறிவியல் ஆணையமும் நெறிமுறைக் குழுவும் ஒப்ப வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: கூடுதலாக எத்தனை வருகை, போக்குவரத்துச் செலவு தருவார்களா, பக்கவிளைவு வந்தால் யார் பொறுப்பு, ரத்த மாதிரியை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், மரபணு பார்ப்பார்களா, எதிர்பாராமல் வேறு நோய் தெரிந்தால் எனக்குச் சொல்வார்களா, நடுவில் விலகினால் அதுவரை சேர்த்த தகவல் என்ன ஆகும். விலகினால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆங்கிலம் சரளமாக இல்லாவிட்டால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு அடுத்த முறை பதில் சொல்லலாம்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘லூபஸ் முழுக் குணம்’ செய்தி. அதன் பின்னால் உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், நோயாளியின் சொந்த டி அணுக்களை (வெள்ளணுக்களில் ஒரு வகை) எடுத்து மாற்றியமைத்து, எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் பி அணுக்களை அழிக்க மறுபடி உடலுக்குள் செலுத்தினார்கள். கார்-டி என்பது இதுதான். முதல் நோயாளியைப் பற்றி 2021இல் எழுதினார்கள். 2022இல் ஐந்து பேரின் முடிவுகள் வந்தன. ஐவருக்கும் நோய் அடங்கி, லூபஸ் மருந்துகளை நிறுத்த முடிந்தது. பெரிய செய்திதான். ஆனால் அவர்கள் மற்ற மருந்துகளுக்கு அடங்காத கடும் நோய் உள்ளவர்கள். அணுக்களைச் செலுத்தும் முன் கீமோ மருந்தும் கொடுத்தார்கள். பலன் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை இன்னும் பல நாடுகளில் சோதித்து வருகிறார்கள்.

இந்தச் செய்தியைக் காட்டி, பணம் கட்டினால் ‘ஸ்டெம் செல்’ சிகிச்சையில் சேர்க்கிறோம் என்று யாராவது அழைத்தால், ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனை மருந்துக்குப் பங்கேற்பாளரிடம் பணம் வாங்க மாட்டார்கள். எண் கொடுத்தால் அதை உங்கள் ரூமட்டாலஜி மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் பேசுங்கள்.